சூடோ பறிபோன வீட்டுக் கொம்பியூட்டர்

"மாமா, சூடோ அடிச்சா நான் பட்டியலிலேயே இல்லை எண்டு சொல்லுது. சம்பவம் அறிவிக்கப்படும் எண்டும் போட்டிருக்கு. ஆருக்கு அறிவிக்கும்?"

உப்புவெளியிலிருந்து மருமகனின் அழைப்பு. சூடோ (sudo) என்பது லினக்ஸில் ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்ட முன்னால் போடும் சொல்; அந்த உரிமையுள்ளவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லையாம். ஒருவருக்கும் இல்லையடா, லொக் கோப்பில் ஒரு வரி விழும், அவ்வளவுதான் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்றுப் பலகையில் ஒரு மணி செய்கிறான். யூஎஸ்பி போர்ட் திறக்கவில்லை. அதற்கு உரிமை தரும் 'டயல்அவுட்' (dialout) என்ற பயனர் குழுவில் சேர வேண்டும் என்று எங்கோ பார்த்து, குழுக்களை மாற்றும் யூசர்மொட் (usermod) கட்டளையில் பெரிய ஜி (-G) மட்டும் போட்டிருக்கிறான். முன்னால் சின்ன ஏ இல்லை. 'ஏ' இருந்தால் இருக்கிற குழுக்களோடு இதையும் சேர். இல்லாவிட்டால் இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றிலிருந்தும் வெளியேற்று. சூடோ உரிமை தரும் 'சூடோ' குழுவும் அதில் போய்விட்டது.

இது உடனே தெரியவராது என்பதுதான் கொடுமை. நீங்கள் உள்ளே இருக்கும்வரை பழைய குழுக்களே செல்லும். ஆகவே, பிழையை அப்போதே கண்டுவிட்டால் லொக் அவுட் செய்யாதீர்கள்; அதே ஜன்னலில் சூடோ இன்னும் வேலை செய்யும், அங்கேயே திருத்திவிடலாம். இவன் மூடிவிட்டுப் படுத்துவிட்டான்.

சரி, அவனுக்குப் போனில் சொன்னபடியே சொல்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கானது இது.

கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்திலேயே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயோஸ் இயந்திரமென்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் (GRUB) மெனு வரும். எஸ்கேப்பை ஒரு தட்டு கூடத் தட்டினால் வெறும் கிரப் வரியில் போய் நிற்கும், மருமகன் இரண்டு முறை அங்கே போனான். 'நோர்மல்' என்று அடித்து என்டர் தட்டினால் திரும்பலாம். மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட் என்றிருக்கும் வரி, பிறகு வரும் பட்டியலில் 'ரூட்'. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் இடையில் அதன் கடவுச்சொல்லைக் கேட்கும்; அது மறந்துபோனால் இந்த வழி உதவாது.

கறுப்புத் திரையில் இப்போது நீங்கள்தான் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகி. ஆனால் டிஸ்க் வாசிக்க மட்டும் திறந்திருக்கும். மவுண்ட், இடைவெளி, கழித்தல் கோடும் சின்ன ஓவும், இடைவெளி, ரீமவுண்ட், ஒட்டிய கமா, ஆர் டபிள்யூ, இடைவெளி, ஒரு சாய்கோடு (mount -o remount,rw /). என்டர்.

அடுத்த கட்டளைக்கு அவசரப்படாதீர்கள். ஈடிசி (/etc) கோப்புறையில் 'குரூப்' (group) கோப்பின் பக்கத்திலேயே, பெயரின் கடைசியில் கழித்தல் கோட்டுடன் இன்னொன்று இருக்கும். அது கடைசி மாற்றத்துக்கு முந்தைய பிரதி. அதில் சொல் தேடும் கிரெப் (grep) கட்டளையைப் போட்டு உங்கள் பயனர் பெயரைத் தேடினால் இழந்த குழுக்களெல்லாம் வரும். மருமகனுக்கு ஏடிஎம் (adm), சிடிரொம் (cdrom), சூடோ (sudo), டிப் (dip), பிளக்டெவ் (plugdev), எல்பிஅட்மின் (lpadmin) வந்தன. அடுத்த யூசர்மொட் இந்தப் பிரதியை அழித்தெழுதிவிடும், அதனால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி யூசர்மொட், இடைவெளி, கழித்தல் கோடு, சின்ன ஏ, பெரிய ஜி, இடைவெளி, குழுக்களெல்லாம் கமாவால் பிரித்து இடைவெளியில்லாமல், பிறகு ஓர் இடைவெளி, கடைசியில் பயனர் பெயர். 'ஐடி' (id) என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் சூடோ தெரியும். பிறகு ரீபூட்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ரெக்கவரி மோட் ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாவிட்டால் கிரப் மெனுவில் 'ஈ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ'வை (ro) 'ஆர்டபிள்யூ' (rw) ஆக்கி, வரியின் கடைசியில் இனிட், சமன், சாய்கோடு, 'பின்' (bin), சாய்கோடு, பாஷ் (init=/bin/bash) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் குழுவின் பெயர் சூடோ அல்ல, 'வீல்' (wheel).

மருமகன் இரவு பத்தரைக்கு மறுபடி எடுத்தான். சூடோ வந்துவிட்டதாம், மணிதான் தொட்டி நிறையாமலே அடிக்கிறதாம்.