ஸ்பானியமும் நாடகக் கலையும்: கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழி

இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச்செல்ல வழிதரும் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஸ்பானிய மொழியையும் நாடகக் கலையையும் ஒருசேரப் படிக்க விரும்புகிறவர்கள், எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர் என்று யோசிப்பதற்கு முன்பாகக் கால அட்டவணையைப் பற்றி யோசிக்க வேண்டும். மொழி நாள் தவறாமல் கொஞ்சம் நேரம் கேட்கும். நாடகமோ பருவத்தின் தொடக்கத்தில் அதிகம் கேட்காது. அரங்கேற்றம் நெருங்கும்போது மாலைப்பொழுதுகளையும் வார இறுதிகளையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். இந்த இருவகைத் தேவையையும் முன்கூட்டியே பொருத்தி வைக்காதவர்கள், ஒத்திகை உச்சத்தில் இருக்கும் வாரத்திலேயே ஸ்பானியப் பாடத்தில் பின்தங்கிப்போவதை எந்தக் கல்லூரியிலும் காணலாம்.

ஸ்பானிய வகுப்புகள் ஒரு சங்கிலி. ஸ்பானியம் 1 முடித்தால்தான் 2, அதன்பின் 3, அதன்பின் 4. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 4 அல்லது 5 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்டது. இரண்டாண்டில் நான்கு செமஸ்டர்களே இருப்பதால், முதல் செமஸ்டரிலேயே முதல் நிலையைத் தொடங்காவிட்டால் நான்காம் நிலை கோடை வகுப்புக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ தள்ளிப்போகும். போதாக்குறைக்கு, 3, 4 ஆகிய நிலைகளைச் சிறிய கல்லூரிகள் எல்லாப் பருவத்திலும் நடத்துவதில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பையே ரத்து செய்துவிடுவதும் உண்டு. ஆகவே, கடந்த இரண்டாண்டுகளின் வகுப்பு அட்டவணைகளைக் கல்லூரியின் தளத்தில் எடுத்துப் பார்த்து, மேல்நிலை வகுப்புகள் எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் நடந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை மாலையில் மட்டும் நடந்திருந்தால், அந்தப் பருவத்தில் நாடகத்தில் முக்கிய வேடம் ஏற்பதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும், ஏனெனில் ஒத்திகைகளும் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கின்றன. பள்ளியிலோ வெளியிலோ ஏற்கெனவே ஸ்பானியம் கற்றவர்கள் எந்த நிலையில் தொடங்கலாம் என்பதைக் கல்லூரியின் கல்வி ஆலோசகரான கவுன்சிலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

யூனிட் கணக்கு சிலரை ஏமாற்றிவிடும். விரிவுரை வகுப்பில் ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வீட்டில் இரண்டு மணி நேரப் படிப்பும் ஆகும். செய்முறை வகுப்பிலோ ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் அரங்கிலேயே இருக்க வேண்டும். 5 யூனிட் ஸ்பானியம் வாரத்துக்கு 15 மணி நேரத்தை எடுக்கும். முழுக்கச் செய்முறையாக நடக்கும் 3 யூனிட் நாடகத் தயாரிப்பு வகுப்பு சராசரியாக 9 மணி நேரத்தை எடுக்கும். இது சராசரிதான். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரத்தில், ஒளியையும் ஒலியையும் காட்சி மாற்றங்களையும் பொருத்திப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகைகளின்போது இது இரட்டிப்பாகலாம். அந்த வாரம் எது என்பதைப் பருவத்தின் முதல் நாளிலேயே கேட்டறிந்து, ஸ்பானியத் தேர்வுத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோதல் தெரிந்தால் இரண்டு ஆசிரியர்களிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முன்னதாகச் சொல்கிற மாணவருக்குக் கிடைக்கும் இசைவு, முந்தைய நாள் இரவில் மின்னஞ்சல் அனுப்புகிறவருக்குக் கிடைக்காது.

பட்டம் பற்றி இனிப் பார்ப்போம். 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சமுதாயக் கல்லூரிகள் ஏ.டி.டி. எனப்படும், பல்கலைக்கழகத்துக்கு மாறிச்செல்ல உதவும் 'மாறுதலுக்கான இணைப் பட்டத்தை' வழங்குகின்றன. 60 செமஸ்டர் யூனிட்டுகளுக்குள் முடியும் இந்தப் பட்டத்தைப் பெற்றவருக்கு, கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியில் ஓரிடம் உறுதி. விரும்பும் வளாகத்திலேயே அது கிடைக்கும் என்பதற்கு மட்டும் உறுதியில்லை. ஸ்பானியத்துக்கும் நாடகக் கலைக்கும் தனித்தனியே இத்தகைய பட்டங்கள் உண்டு. என் பரிந்துரை, ஒன்றைப் பட்டப் பாடமாக வைத்துக்கொண்டு மற்றதை விருப்பப் பாட யூனிட்டுகளில் அடக்குவதுதான். நாடகத்தைப் பட்டப் பாடமாக எடுத்தால் அதற்குக் குறைந்தது 18 யூனிட். கால்-கெட்சி எனப்படும் பொதுக்கல்விப் பாடங்களுக்கு 34 யூனிட். நாடக அறிமுகப் பாடம் பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டு கணக்கிலும் சேரும் என்பதால் 3 யூனிட்டைக் கழித்தால் 49. மீதமுள்ள 11 யூனிட்டில் ஸ்பானியம் 1, 2 இரண்டும் அடங்கிவிடும். பல கல்லூரிகளில் ஸ்பானியம் 2 மனிதப் பண்பாட்டியல் (ஹியூமானிட்டீஸ்) பிரிவில் பொதுக்கல்விப் பாடமாகவும் ஏற்கப்படுகிறது; அப்படியானால் ஸ்பானியம் 3-க்கும் ஏறத்தாழ இடம் கிடைக்கும். நடிப்பு வகுப்புகள் பெரும்பாலும் பொதுக்கல்விக் கணக்கில் வராது என்பதை நினைவில் வையுங்கள். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளம் கல்லூரிவாரியாகக் காட்டுகிறது. கவுன்சிலரைச் சந்திக்கப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போவது நல்லது. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற சில கல்லூரிகள் செமஸ்டருக்குப் பதிலாகக் காலாண்டு முறையைப் பின்பற்றுவதால் அங்கே எண்கள் ஒன்றரை மடங்காகும்.

மாநிலவாசிகளுக்குக் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். வருமானத் தகுதி உள்ளவர்களுக்குக் கல்லூரி வாக்குறுதி மானியம் இதையும் தள்ளுபடி செய்கிறது. மாநிலவாசி அல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆகவே குடியிருப்பு நிலை எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்து வடிவில் தெரிந்துகொண்ட பிறகே பதிவு செய்யுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். அந்த முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு இணையவழி வகுப்பு மட்டுமே சேரும். வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்து வந்து எச்-4 விசாவில் இருப்பவர்கள் மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பள்ளியின் பரிந்துரையோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் ஒரு பருவத்துக்கு 11 யூனிட் வரை எடுக்கலாம் என்பதால், ஸ்பானியத்தின் முதல் நிலையைப் பள்ளிப் பருவத்திலேயே முடித்துவிட வழி இருக்கிறது.

தமிழ் பேசி வளர்ந்தவருக்கு ஸ்பானியத்தில் சில விஷயங்கள் எளிதாகவே அமையும். அவற்றை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக் கற்க வேண்டியதில்லை. வினையின் ஈற்றிலேயே இடமும் எண்ணும் தெரிவதால், 'பேசுகிறேன்' என்பதில் 'நான்' தேவைப்படாதது போலவே 'ஆப்லோ' என்பதிலும் தேவைப்படாது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டுக்கு இணையாக அங்கே 'தூ', 'உஸ்தெத்' இருக்கின்றன. 'எனக்கு நாடகம் பிடிக்கும்' என்ற அமைப்பு அப்படியே 'மே குஸ்தா எல் தெயாத்ரோ' ஆகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்கள் வாரக்கணக்கில் திணறும் இடம் இது. ஒலியிலும் அப்படித்தான். ஸ்பானியத்தின் 'த' பல்லைத் தொடும் 'த'. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்கிவிடக் கூடாது. இரு உயிர்களுக்கு இடையே வரும் 'நாதா' என்ற சொல்லின் 'த', நம் 'அது'வில் வரும் அதே மென்மையான ஒலிதான். கூடுதல் உழைப்பு தேவைப்படுவது நாக்கு உருளும் நீண்ட ரகரத்துக்கே: 'பெரோ' என்றால் 'ஆனால்', ரகரத்தை உருட்டினால் 'நாய்'.

இந்த ஒலிப் பயிற்சிக்கு நடிப்பு வகுப்பைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்பானிய நாடகம் ஒன்றிலிருந்து பத்து வரி கொண்ட தனிமொழியைத் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே இடம் விட்டு அச்செடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் விழும் அசையை அடிக்கோடிடுங்கள். சொல் உயிரிலோ, 'ன்' அல்லது 'ஸ்' என்ற ஒலியிலோ முடிந்தால் அழுத்தம் ஈற்றயலில் விழும். மற்றபடி ஈற்றில் விழும். விதியை மீறும் இடங்களை மேலே இடும் குறி காட்டிவிடும். 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. மேடையில் இந்தத் தவறு பாத்திரத்தையும் காலத்தையும் சேர்த்தே மாற்றிவிடும். அடுத்து, உயிரோடு உயிர் சந்திக்கும் இடங்களில் வளைகோடு இடுங்கள்: 'மி அமீகோ' பேச்சில் 'மியமீகோ' ஆகிறது, நம் உடம்படுமெய் போலவே. கடைசியாக, மூச்சு விடும் இடங்களைச் சாய்கோட்டால் குறியுங்கள். இவ்வளவும் ஆன பிறகு மனப்பாடம் செய்யத் தொடங்கலாம். அதைப் பேசிப் பதிவுசெய்து ஸ்பானிய ஆசிரியரிடம் கொடுத்து ஒலியைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு நடிப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். வேறு மொழியில் தனிமொழி பேச வகுப்பில் அனுமதி உண்டா என்பதை முன்பே கேட்டுவிடுவது முறை.

நடிப்பு மட்டுமே நாடகக் கலை என்று எண்ண வேண்டாம். முதல் ஆண்டில், ஸ்பானியம் இன்னும் பிடிபடாத காலத்தில், மேடைக் கட்டுமானம், ஒளியமைப்பு, ஆடையமைப்பு, ஒப்பனை போன்ற பாடங்களை எடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. வசனம் மனப்பாடம் செய்யும் சுமை இல்லை; மரமும் துணியும் விளக்கும் கையில் பழகும். மேடை மேலாளருக்கு உதவியாளராக ஒரு தயாரிப்பில் வேலை செய்வது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். அவருடைய பிரதியில் வசனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் ஒவ்வொரு ஒலிக்கும் எண் இடப்பட்டிருக்கும்; 'தயாராகு' என்று சொல்லும் ஆயத்தக் குறிப்பு வேறு, 'செய்' என்று சொல்லும் செயற்குறிப்பு வேறு. கருப்பு உடையோடு, காதில் ஹெட்செட்டோடு மேடையோரம் நின்று ஒரு நாடகம் முழுவதையும் பின்தொடர்ந்தவருக்கு நாடகம் எப்படி ஓடுகிறது என்பது உடம்பில் பதிந்துவிடும். கடைசி நாள் நிகழ்ச்சி முடிந்ததும் அரங்க அமைப்பைப் பிரிக்கும் வேலைக்கும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அதைத் தவிர்ப்பவர்களை அடுத்த தயாரிப்பில் யாரும் நம்பிச் சேர்ப்பதில்லை.

இரண்டு பாடங்களும் கலிபோர்னிய மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவை. 1965-இல் டெலானோ பகுதியின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய 'எல் தெயாத்ரோ கம்பெசீனோ' குழு, தோட்டங்களின் ஓரத்தில், லாரிகளின் திறந்த தட்டையே மேடையாக்கி, தொழிலாளர்களையே நடிகர்களாக்கி, 'ஆக்தோ' எனப்படும் குறுநாடகங்களை ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் நடத்தியது. பின்னாளில் சான் ஹுவான் பவுதிஸ்தா என்ற சிற்றூரில் நிலைகொண்டது. நாடக வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுதும்போது இதை எடுத்துக்கொண்டால் ஸ்பானிய மூலங்களையும் நேராகப் படிக்க வாய்ப்புக் கிடைக்கும். மொழிப் பயிற்சியும் அதே வேலையில் நடந்துவிடும்.

வகுப்பில் உடன் படிப்பவர்களில் பலர் வீட்டில் ஸ்பானியம் கேட்டு வளர்ந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கெனத் தனி வகுப்புகளைப் பல கல்லூரிகள் நடத்தினாலும், பொது வகுப்பிலும் அவர்களைச் சந்திக்கலாம். அவர்களுடைய வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எழுத்திலக்கணத்தில் அவர்களுக்கு உங்கள் உதவி தேவைப்படும், பேச்சில் அவர்கள் உங்களுக்குத் துணையாவார்கள்.

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது என்ற விதியையும் அறிந்திருங்கள். ஸ்பானியம் 2-இல் தேறிவிட்டால், மறந்துபோனது என்பதற்காக மறுபடி சேர முடியாது. ஆகவே கோடை விடுமுறையில் மொழியை விட்டுவிடக் கூடாது. தேறாமலோ இடையில் விலகியோ போனாலும், மறுபடி சேர்வதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. நடிப்பு போன்ற ஒரே வகைச் செய்முறைப் பாடங்களிலும் நான்குக்கு மேல் அனுமதி இல்லை. எனவே அவற்றை முதல் ஆண்டிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

மாறுதல் விண்ணப்பங்களின் காலமும் இலையுதிர்காலத் தயாரிப்பின் காலமும் ஒன்றாகவே வரும். மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வேறான தொகுதியான கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் தரும் மாறுதல் உறுதித் திட்டத்துக்கு செப்டம்பர் 1 முதல் 30 வரை விண்ணப்பிக்க வேண்டும். இரு பல்கலைக்கழகத் தொகுதிகளின் பொது விண்ணப்பத்தையும் அக்டோபர் 1 முதல் அனுப்பலாம். நடிப்பை மையமாகக் கொண்ட சில பட்டங்களுக்கு நேர்முக நடிப்புத் தேர்வோ, வேலை மாதிரிகளின் தொகுப்போ தேவைப்படும். அதற்காக ஒவ்வொரு தயாரிப்பு முடிந்த வாரத்திலேயே நிகழ்ச்சித்தாள், புகைப்படங்கள், நீங்கள் கட்டியதன் வரைபடம், குறிப்புகள் எழுதிய பிரதி ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதியோடு சேர்த்து வையுங்கள். கட்டுரைப் பகுதியைக் கோடையிலேயே எழுதி முடித்துவிட்டால் ஒத்திகை மாதங்களில் படிவம் நிரப்பும் வேலை மட்டுமே மிஞ்சும்.