மழைக்காட்டிலிருந்து பாலை மேட்டுக்கு: வாஷிங்டன் – ஓரிகன் கார் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்கிறது. ஓரிகனில் சிவப்புப் பட்டைகள் ஓடும் பெயின்டெட் ஹில்ஸ் குன்றுகள் பக்கம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சியாட்டிலில் கிளம்பினால் ஐந்து நாளில் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். எந்தெந்த இடம் பார்க்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எந்த வழியாகப் போவது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது என்பேன். காடு எங்கே முடிகிறது, வறட்சி எங்கே தொடங்குகிறது என்று காரில் உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும். அப்படி ஒரு வழியைத்தான் இங்கே சொல்கிறேன். கார் வாடகை, அறை பதிவு செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படி 1: மாதம்

ஜூன், அல்லது செப்டம்பர் கடைசி. ஜூலை, ஆகஸ்டில் ஹோவில் கூட்டம் நெரியும், ஓரிகன் பக்கம் காட்டுத்தீப் புகை வரும். குளிர்காலத்தில் மலைப்பாதைகளில் பனி, டயருக்குச் சங்கிலி என்று வேறு கவலைகள்.

படி 2: ஹோ, காலையிலேயே

முதல் நாள் இரவு ஃபோர்க்ஸ் ஊரில் தங்குங்கள். யுஎஸ் 101 நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் போக 18 மைல் நீளத்தில் ஒரே ஒரு சாலைதான். வண்டி நிறுத்தும் இடம் நிரம்பிவிட்டால் ஒரு கார் வெளியே வந்தால்தான் இன்னொன்றை உள்ளே விடுவார்கள். காலை 8 மணிக்குள் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை. கிளம்பும் முன் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் தளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். 2024 டிசம்பர் வெள்ளத்தில் இந்தச் சாலை அரித்துக்கொண்டு போய், 2025 மே மாதம்தான் மறுபடி திறந்தது.

‘ஹால் ஆஃப் மாஸஸ்’ நடைபாதை ஒரு மைலுக்கும் குறைவு. மேப்பிள் மரக்கிளைகளில் பாசி தாடிபோலத் தொங்கும். எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். நீங்கள் கீழேயும் பாருங்கள். விழுந்து மட்கிய அடிமரத்தின் மேல் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் சின்னச் சின்னக் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து அடிமரம் முழுக்க மட்கிப் போனாலும், வளர்ந்த மரங்கள் அதே வரிசையில் நிற்கும். வேருக்கு அடியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும் மரங்களையும் காணலாம். அங்கேதான் பழைய அடிமரம் கிடந்தது.

அப்புறம் ரூபி கடற்கரை, கலேலாக், குவினால்ட் ஏரி என்று 101-லேயே தெற்கே இறங்கி, கொலம்பியா ஆற்றின் மேல் நாலு மைல் நீளப் பாலத்தைத் தாண்டினால் அஸ்டோரியா. இரவு அங்கே.

படி 3: ஆற்றோரமாகக் கிழக்கே

மூன்றாம் நாள் போர்ட்லண்டைத் தாண்டி ஐ-84 நெடுஞ்சாலையில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழையுங்கள். இந்தப் பயணத்தின் உயிர்நாடி இந்த ஒரு பகுதிதான். கேஸ்கேட் மலைத்தொடர் கடல் மேகங்களைத் தடுத்துவிடுவதால் மலைக்குக் கிழக்கே மழை சட்டென்று குறைகிறது. கேஸ்கேட் லாக்ஸ் ஊரில் பெய்யும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், 40 மைல் தள்ளியிருக்கும் தி டேல்ஸ் ஊரில். ஹுட் ரிவர் தாண்டியதும் ஃபிர் மரங்கள் குறைந்து ஓக் வரும். அதுவும் போய் வெறும் புல் மூடிய குன்றுகள் மட்டும் நிற்கும். ரொவீனா கிரெஸ்ட் மேட்டில் நிறுத்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். இதை இருட்டில் கடப்பது பெரிய இழப்பு, அதனால் பகலில் போகிற மாதிரி நேரம் ஒதுக்குங்கள்.

வழியில் 620 அடி மல்ட்னோமா அருவி இருக்கிறது. கோடையில் பகல் நேரத்தில் ஐ-84 ஓர வாகன நிறுத்தத்துக்கு முன்பதிவுச் சீட்டு வேண்டியிருக்கலாம். இரவு தி டேல்ஸில்.

படி 4: மேப்ஸைச் சொன்னபடி கேட்க வைப்பது

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கூகுள் மேப்ஸ் எப்போதும் சீக்கிரம் போகும் வழியைத்தான் தேடும். ஃபோர்க்ஸ் – போர்ட்லண்ட் என்று போட்டால் ஒலிம்பியா போய் ஐ-5-இல் இறக்கிவிடும். போர்ட்லண்ட் – பெயின்டெட் ஹில்ஸ் என்று போட்டால் மவுன்ட் ஹுட் மலை வழியே யுஎஸ் 26-இல் கூட்டிப்போகும், பள்ளத்தாக்கு முழுதும் கைவிட்டுப் போகும். கணினியில் நீலக்கோட்டை இழுத்து வேறு சாலையில் வைக்கலாம்தான். ஆனால் வண்டி ஓட்டும்போது போன் வழியைப் புதிதாகக் கணக்கிட்டால் அந்த இழுப்பெல்லாம் போய்விடும்.

அதனால் கோட்டை இழுக்காதீர்கள். ஊர்ப் பெயர்களையே நிறுத்தங்களாகச் சேருங்கள். நான்காம் நாளுக்கு என் வரிசை இது: தி டேல்ஸ், பிக்ஸ் ஜங்ஷன், ஷனிக்கோ, ஆன்டிலோப், கிளார்னோ, ஃபாசில், மிட்செல், பெயின்டெட் ஹில்ஸ். ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பட்டியல் போடுங்கள். அந்தப் பகுதி முழுக்க ஆஃப்லைன் வரைபடமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஹோவிலும் பெயின்டெட் ஹில்ஸிலும் சிக்னலை நம்ப முடியாது.

இன்னொன்று: பெயின்டெட் ஹில்ஸ், ‘ஜான் டே ஃபாசில் பெட்ஸ்’ தேசிய நினைவிடத்தின் ஒரு பகுதி. வெறுமனே ‘ஜான் டே’ என்று தேடினால் அதே பெயருள்ள ஊர் வரும். அது இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிழக்கே இருக்கிறது.

பயணத் திட்டச் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு எக்ஸெல் தாள், அச்சிட்ட ஓரிகன் சாலை வரைபடம், ஓரிகன் போக்குவரத்துத் துறையின் ட்ரிப்செக் தளம், இந்த மூன்றும் போதும். தாளில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்கள்.

படி 5: கிளார்னோவை விடாதீர்கள்

ஆன்டிலோப் தாண்டி வளைந்து வளைந்து ஜான் டே ஆற்றுக்கு இறங்கும் சாலை மெதுவானது. பலர் இதை விட்டுவிட்டு நேராகப் பெயின்டெட் ஹில்ஸ் போகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. 4.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளார்னோ வெப்பக் காடாக இருந்தது. பனை, வாழை இனம், கொடிகள் எல்லாம் இங்கே புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. சாலையோரக் குட்டி நடைபாதையில் பாறையைக் குனிந்து பார்த்தால் இலை நரம்பின் தடம் வெறும் கண்ணுக்கே தெரியும். சுற்றிலும் காய்ந்த ஸேஜ் புதர்கள். எதையும் எடுத்துப் போகக் கூடாது.

பெயின்டெட் ஹில்ஸுக்கு மாலை 4 மணிக்கு மேல் போங்கள். அங்கே சிவப்புப் பட்டைகள் ஈரமும் வெப்பமும் இருந்த காலத்து மண். வெளிர்ப் பட்டைகள் வறண்ட காலத்தவை. களிமண்ணில் கால் வைக்க வேண்டாம், அந்தத் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது. நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளே கூடாரம் போட அனுமதியும் இல்லை. இரவுக்கு பிரைன்வில் வந்துவிடலாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள்.

சேர்த்தவை (பின்னூட்டங்களைப் பார்த்து)

பெட்ரோல்: பிக்ஸ் ஜங்ஷனில் டாங்க் நிரப்புங்கள். அதன்பின் சிற்றூர்ப் பம்புகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓரிகனில் நாமே பெட்ரோல் போட 2023 ஆகஸ்டிலிருந்து எங்கும் அனுமதி உண்டு.

சாப்பாடு: சிற்றூர்களில் உணவகம் சீக்கிரம் மூடிவிடும், சைவம் கிடைப்பது அரிது. நான்காம் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும்.

மின்சாரக் கார்: நான்காம் நாள் வழியில் எங்கே சார்ஜ் செய்யலாம் என்று சார்ஜ் நிலையங்களைக் காட்டும் பிளக்ஷேர் செயலியில் முந்தைய வாரமே பார்த்து, மாற்று இடம் ஒன்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி: பிரைன்வில்லிலிருந்து யுஎஸ் 26. வழியில் மெட்ராஸ் என்றே ஓர் ஊர் வரும். நம் ஊர்த் துணியால் வந்த பெயர் என்பார்கள். அங்கிருந்து மவுன்ட் ஹுட் ஏறி இறங்கினால் மதியத்துக்குள் போர்ட்லண்ட், அங்கிருந்து ஐ-5-இல் சியாட்டில்.