தாழ்ந்த காருக்கு மரத்தில் ரேம்ப் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீட்டிலேயே ஆயில் மாற்ற, சைலன்சர் கிளாம்ப் பார்க்க, அடியில் எங்கே ஒழுகுகிறது என்று தேட, காரின் முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்துகிற சாய்வு மேடையை, அதாவது ரேம்பை, மரத்தில் செய்யலாம் என்று நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, மரம் காரின் எடையைத் தாங்குமா என்றுதான். தாங்கும். ஆனால் அந்த ஒரு பயத்திலேயே மனசு நின்றுவிடுவதால் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே யாருடைய கண்ணும் போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோண்டா சிட்டி மாதிரி ஒரு செடான் சுமார் 1,100 கிலோ. என்ஜின் முன்னால் இருப்பதால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் இருக்கும், அதாவது ஒரு சக்கரத்துக்கு 330 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது தரையை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே 32 பிஎஸ்ஐதான், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிலோ. நன்றாகக் காய்ந்த வேம்போ வேங்கையோ இதைப்போலப் பல மடங்கை நசுங்காமல் தாங்கும். ஆகவே மர ரேம்ப் நசுங்கி விழுவது அரிது. பக்கவாட்டில் சாயும், தரையில் வழுக்கும், ஆணி விட்டுப்போகும், நாரோட்டத்தில் பிளக்கும். எல்லாமே செய்த விதத்தில் வருகிற கோளாறு.

அதனால் முதல் தவறு, உள்ளே வெற்றிடம் வைத்துப் பெட்டி மாதிரி செய்வது. மரம் மிச்சமாகும், தூக்க லேசாக இருக்கும் என்று இரண்டு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி மேலே ஒரு சாய்வுப் பலகையை அடித்துவிடுகிறார்கள். எடை நேராகக் கீழே இறங்கும்வரை அது நிற்கும். ஆனால் கார் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் விசை கிடைமட்டமாக வருகிறது, அந்தத் தள்ளலுக்கு எதிராக அந்தச் செங்குத்துப் பலகைகளைப் பிடித்திருப்பது நாலு ஆணி மட்டும்தான். இதற்குப் பதில் பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல அடுக்குங்கள். சாய்வதற்கு அதில் எதுவுமே இல்லை.

ஒன்றரை அங்குலக் கனப் பலகைகள் நாலு அடுக்கினால் 6 அங்குல உயரம். உச்சிப் பலகை 18 அங்குலம், அதற்குக் கீழே 27, 36, 45 என்று ஒவ்வொன்றும் 9 அங்குலம் கூடுதல் நீளம். ஒரு ரேம்புக்குப் பத்தரை அடி, இரண்டுக்கும் சேர்த்து 21 அடிப் பலகை. 10 அங்குல அகலத்தில் வாங்கினால் மரவாடிக் கணக்கில் இரண்டே கால் கன அடிக்குள் முடிந்துவிடும். இழைத்த பிறகு கனம் குறையும் என்பதையும் ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றரை அங்குலம் கேட்டு ஒன்றேகால்தான் கையில் வரும்.

அகலத்தில் கை வைக்கவே கூடாது. 185 மி.மீ. டயருக்கு 8 அங்குலப் பலகை போட்டால் பக்கத்துக்கு 9 மி.மீ.தான் மிச்சம். ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருந்தாலே டயர் விளிம்புக்கு வந்துவிடும். 10 அங்குலம் என்றால் பக்கத்துக்கு 35 மி.மீ. கிடைக்கும்.

அடுத்தது சாய்வு. தாழ்ந்த காரில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். முதலில் உயரத்தை முடிவு செய்துவிட்டு, வாசலில் இருக்கிற இடத்துக்கு ஏற்ப நீளத்தைக் குறைக்கிறார்கள். டயர் ரேம்பைத் தொடுவதற்கு முன்பே பம்பர் போய் இடிக்கிறது. கொஞ்சம் வேகமாக எடுத்தால் ஏறிவிடும் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் பம்பர் கிளிப்பும் உடையும், ரேம்பும் தள்ளிப்போகும்.

மரம் வாங்குவதற்கு முன் காரைச் சமதளத்தில் நிறுத்தி இரண்டு அளவு எடுங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடி விளிம்பு எவ்வளவு முன்னால் இருக்கிறது, அந்த விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம். பம்பரின் நடுவில் அளக்காதீர்கள், ரேம்ப் போகப்போவது டயரின் நேர்கோட்டில், பல கார்களில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உயரம் வேறுபடும். ஸ்பிரிங் வெட்டாத சாதாரண செடானில் 18 செ.மீ. உயரம், 75 செ.மீ. தூரம் என்று வந்தால் 6-க்கு 1 சாய்வு, அதாவது 6 அங்குல நீளத்துக்கு 1 அங்குல உயரம், போதும். மேலே சொன்ன 9 அங்குலக் கணக்கு அந்தச் சாய்வுதான், ஒன்பதரை டிகிரி வரும். ஆனால் ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய காரில் அதே 75 செ.மீ.க்கு 12 செ.மீ. உயரம்தான் இருக்கிறது என்றால் அந்தச் சாய்வு உரசும். 8-க்கு 1, முடிந்தால் 10-க்கு 1 வையுங்கள். படி வடிவத்தில் ஒவ்வொரு பலகையின் முனையும் சாய்வுக் கோட்டைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும் என்பதால் கணக்குக்கு மேல் சிறிது இடம் விடத்தான் வேண்டும். திருகு போடுவதற்கு முன் பலகைகளைச் சும்மா அடுக்கி, காரை மெதுவாக அருகில் கொண்டுவந்து பம்பர் தட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறுகிற அந்தச் சிமெண்ட் சாய்தளத்திலேயே ரேம்பை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சாய்வும் சேர்ந்துகொள்ளும், கூடவே கார் பின்னால் உருளவும் வழியாகும், வேண்டாம்.

உயரம் 6 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம். தரை இடைவெளி 165 மி.மீ. இருக்கிற காரை 150 மி.மீ. தூக்கினால் முன்பக்கம் சுமார் 31 செ.மீ. கிடைக்கும். மல்லாந்து படுத்து ஸ்பேனர் திருப்ப அது போதும். வசதிக்காக 10 அங்குலம் என்று போனால் நீளமும் எடையும் ஏறும், மேலே போன கார் நழுவி விழுந்தால் விளைவும் பெரிது.

ரேம்ப் நீளமாகும்போது இன்னொரு சிக்கல் வரும். கார் முன்னோக்கி ஏறிய பிறகு சாய்வுப் பகுதி முன் டயருக்குப் பின்னால், கதவுக்குக் கீழே நீட்டிக்கொண்டு இருக்கும், பக்கத்திலிருந்து உள்ளே நுழைய முடியாது. அதனால் சாய்வைத் தனித்துண்டாகச் செய்து, ஏறியபின் எடுத்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கோர்த்து நிற்க வேண்டும். வெறுமனே ஒட்டிவைத்தால் டயர் ஏறும்போது நடுவில் இடைவெளி விழுந்துவிடும். வண்டியை இறக்குவதற்கு முன் துண்டைத் திரும்ப மாட்ட மறப்பதும் நடக்கிறது, அதனால் சாவியை அந்தத் துண்டின் மேலேயே வைத்துவிடுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். கட்டட வேலை முடிந்த இடத்தில் கிடக்கிற சென்ட்ரிங் பலகை சும்மா கிடைக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். தண்ணீரிலும் சிமெண்டிலும் ஊறி, ஆணி ஓட்டைகளோடு இருக்கும். மரத்தூளையும் நாரையும் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். பச்சை மரமும் வேண்டாம், காயக் காயச் சுருங்கி வெடிக்கும், திருகு தளரும். பெரிய கணு இல்லாத, நாரோட்டம் நீளவாக்கில் நேராகப் போகிற காய்ந்த பலகை வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம் தேர்ந்தெடுத்த ஊர் நம்முடையது. நல்ல மரம் எது என்று மரவாடியில் இருக்கிற பெரியவர் தட்டிப் பார்த்தே சொல்லுவார், கேளுங்கள். கைக்கு அகப்பட்ட செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் காரை ஏற்றுவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். மரம் உடைவதற்கு முன் பெரும்பாலும் விரிசல் விடும், சத்தம் போடும். பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

இணைப்புக்கு வெறும் ஆணி போதாது. அதிர்வில் ஆணி மெல்ல மெல்ல மேலே வரும். ஜிப்சம் போர்டுக்குப் போடுகிற அந்தக் கறுப்புத் திருகு கடினமானது, ஆனால் பக்கவாட்டு விசையில் பட்டென்று ஒடியும். தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, தடிமனான மரத் திருகுகளைக் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள், டயர் பக்கம் தலை தெரியக்கூடாது. சாய்வைச் செதுக்கிச் செய்கிறவர்கள் நுனியைக் கத்திமுனை போல மெலிதாக்குகிறார்கள். முதல் தடவையே அது பிளந்துவிடும், அரை அங்குலமாவது கனம் விடுங்கள்.

உச்சியில் டயர் நிற்கிற இடத்துக்கு முன்னால் 3 அங்குல உயரத் தடைக்கட்டை ஒன்று, போல்ட் போட்டு முடுக்கியது, கட்டாயம் வேண்டும். 60 செ.மீ. விட்டம் உள்ள டயருக்கு ஒரு அங்குலக் கட்டை ஒரு பொருட்டே இல்லை, ஏறித் தாண்டிவிடும். ஆனாலும் அந்தக் கட்டையை நம்பி வேகமாகப் போகக்கூடாது, அது கடைசிப் பாதுகாப்பு மட்டும்தான்.

வழுக்கல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடுகிற சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இயக்கம், என்ஜின் சுழற்றுவது முன் சக்கரங்களைத்தான். டயர் ஏறப் பார்க்கும்போது ரேம்பைத் தன் பக்கம் இழுக்கும், அது நழுவும். வழவழப்பான டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் இது நிச்சயம் நடக்கும். பழைய கன்வேயர் பெல்ட்டிலோ கனமான ரப்பர் மேட்டிலோ ஒரு துண்டை ரேம்பின் அடியில் திருகி, முனைக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டிக்கொள்ளுங்கள். டயர் முதலில் அந்த ரப்பர் மேல் ஏறி நிற்கும், பிறகு காரின் எடையே ரேம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியாது. மண் தரை என்றால், அதிலும் மழை பெய்த மறுநாள் என்றால், வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஒரு பக்கம் புதைந்தாலும் கார் கோணலாகிவிடும்.

ஏற்றும்போது ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லட்டும், முன்னால் யாரும் நிற்கக்கூடாது. ஏறி நின்றதும் முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகு பின்பக்கத்தையும் கொஞ்சம் தூக்கினால் நன்றாக இருக்குமே என்று ஜாக்கி வைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிற தவறு. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. அந்தச் சக்கரத்தையே தரையிலிருந்து எடுத்துவிட்டால் காரைப் பிடித்திருப்பது கியர் மட்டும்தான்.

அடியில் போவதற்கு முன் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். சேஸிஸின் கெட்டியான இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் எனும் இரும்புத் தாங்கி இரண்டு கொடுங்கள், ஸ்டெப்னியையும் கழற்றிக் கதவுக்குக் கீழே உருட்டிவிடுங்கள். ரேம்ப் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இது வேண்டும். வீட்டில் யாருமே இல்லாத நேரத்தில் அடியில் படுக்காதீர்கள். என்ஜின் ஓடும்போது போகவே போகாதீர்கள்.

ரேம்புக்குத் தடிமனாகப் பெயிண்ட் அடித்து அழகு பார்ப்பதும் ஒரு தவறுதான், விரிசலும் கரையான் வேலையும் வெளியே தெரியாது. ஆளி எண்ணெயோ தெளிவான வார்னிஷோ போதும். ஆயில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், சுவரோரம் தரையில் படாமல் நிறுத்தி வையுங்கள், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் திருகுகளை ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள்.

ஆயில் மாற்றியபின் கார் ரேம்பின் மேல் நிற்கும்போதே டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) பார்த்து அளவு குறைகிறது, கூடுகிறது என்று ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம், சாய்வில் அந்த அளவு தவறாகத்தான் காட்டும். மேனுவலில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, ஃபில்டர் பக்கம் ஒழுகுகிறதா என்று வெளியே நின்று பார்த்துவிட்டு, ஆயில் பிடித்த தட்டு, ஸ்பேனர், ஜாக் ஸ்டாண்ட், ஸ்டெப்னி, பின் டயர்க் கட்டைகள் எல்லாவற்றையும் எடுத்தபின் மெதுவாகப் பின்னால் இறக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் கீழே வடியச் சில நிமிடம் விட்டு அளந்து, குறைவதை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.