மிஞ்சிய துண்டுத் துணியில் ஜிப் பவுச்: முதல்முறை தைப்பவர்களுக்கு

துணி வெட்டி முடித்ததும் மிஞ்சும் துண்டுகளை எறிய எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு கை அகலத்துக்குத் துணி இருந்தால் போதும், ஒரு ஜிப் பவுச் தைத்துவிடலாம். பேனா, சார்ஜர் வயர், மாத்திரை, சாவி என்று போட்டுவைக்க வீட்டில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

தையல் பழகுகிறவர்கள் பலரும் ஜிப் என்றதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஜிப் வைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. உடையில் என்றால் வளைவு, இடுப்புச் சுற்று என்று பலதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பவுச்சில் அப்படி இல்லை. துணி மேசைமேல் தட்டையாகக் கிடக்கும்போதே ஜிப்பைத் தைத்து முடித்துவிடுகிறோம். பை உருவம் எடுப்பது அதற்கு அப்புறம்தான்.

எந்தத் துண்டு எதற்கு

கொஞ்சம் கெட்டியான பருத்தி, லினன், பழைய ஜீன்ஸ் துணி வெளிப்பக்கத்துக்கு நல்லது. உள்ளே லைனிங்குக்கு மெல்லிய பருத்தி போதும். லைனிங் வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே கிடக்கும் சின்னப் பொருள்கூடச் சட்டென்று கண்ணில் படும். இழுத்தால் நீளும் பனியன் துணியை முதல் பவுச்சுக்கு எடுக்க வேண்டாம். சாதாரணப் பருத்தியும் நூலோட்டத்துக்குச் சாய்வாக, அதாவது கிராஸாக வெட்டியிருந்தால் இழுபடும்; துண்டுத் துணிகளில் இது அடிக்கடி வரும். நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுபடாத திசை பவுச்சின் நீளத்துக்கு வரட்டும்.

துவைக்காத புதுத் துணி என்றால் ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிற்பாடு வெளித்துணி ஓர் அளவும் லைனிங் வேறொரு அளவும் சுருங்கிப் பவுச் கோணலாகிவிடும்.

ஒரே துண்டில் அளவு வராவிட்டால் பட்டைகளை ஒட்டுப்போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ஒட்டுப்போட்ட பவுச்சுகள்தான் அதிகம் பிடிக்கும். ஒட்டுத் தையல் மட்டும் ஜிப் வரும் ஓரத்துக்குப் பக்கத்தில், அந்த ஓரத்துக்கு இணையாக வரக் கூடாது. அங்கே துணி தடித்தால் தையல் நேராகப் போகாது.

வெட்ட வேண்டியவை

வெளித்துணி 22 × 15 செ.மீ. அளவில் 2 துண்டு, லைனிங் அதே அளவில் 2 துண்டு. ஜிப்பின் முனைகளுக்கு 4 × 3 செ.மீ. அளவில் 4 சின்னத் துண்டு. வெளித்துணி மெல்லியது என்றால் அதன் உள்பக்கத்தில் ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பவுச் தொய்யாமல் நிற்கும்.

ஜிப் நைலான் ஜிப்பாக இருக்கட்டும். கத்தரிக்கோலால் வெட்டலாம், ஊசி தெரியாமல் பட்டாலும் பெரும்பாலும் உடையாது. உலோக ஜிப்பில் இந்த இரண்டுக்கும் வழியில்லை. ரன்னரை, அதாவது ஜிப்பைத் திறந்து மூட நாம் இழுக்கும் பகுதியை, ஜிப்பின் நடுவுக்குக் கொண்டுவந்து, அது இருக்கும்படி 19 செ.மீ. நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் முனையில் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கையால் நாலு தையல் போட்ட பிறகே வெட்டுங்கள். அதை மறந்தால் ரன்னர் கழன்று கையோடு வந்துவிடும்.

முனைத் துண்டுகள்

ஜிப்பின் ஒரு முனைக்கு மேலே ஒரு சின்னத் துண்டு, கீழே ஒரு சின்னத் துண்டு. இரண்டின் நல்ல பக்கமும், அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கமும், ஜிப்பைப் பார்த்து இருக்கட்டும். 4 செ.மீ. பக்கம் ஜிப்பின் நீளவாட்டில் வரும்படி வைத்து, முனையிலிருந்து 1 செ.மீ. உள்ளே குறுக்காகத் தையுங்கள். பிறகு இரண்டு துண்டையும் வெளிப்பக்கமாக மடக்கி, மடிப்பை ஒட்டி ஒரு மேல் தையல். மறுமுனையிலும் இதேதான். இப்போது மொத்த நீளத்தை இரு பக்கமும் சமமாகக் கத்தரித்து 22 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அகலத்தில் துணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜிப் பட்டையின் அளவுக்கு அதையும் வெட்டிவிடுங்கள்.

இந்த வேலை எதற்கு என்று தோன்றலாம். இது இல்லாவிட்டால் பவுச்சின் மேல் மூலைகளில் ஜிப்பின் பற்கள் தையலுக்குள் மாட்டி, மூலை மொத்தையாக நிற்கும். முனைத் துண்டு இருந்தால் அங்கே வெறும் துணிதான் வரும், மூலை சீராக மடியும்.

ஜிப்பை வைத்துத் தைத்தல்

இங்கே அவசரம் வேண்டாம். வெளித்துணியின் ஒரு துண்டை நல்ல பக்கம் மேலே தெரியும்படி, 22 செ.மீ. ஓரம் மேலே வரும்படி விரியுங்கள். அந்த ஓரத்தின்மேல் ஜிப்பைக் கவிழ்த்து வையுங்கள். ரன்னர் துணியைப் பார்க்க வேண்டும். அதன்மேல் லைனிங்கை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள். ஆக, இரண்டு துணியின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க, நடுவில் ஜிப் மறைந்திருக்கும். மூன்றின் மேல் ஓரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். குண்டூசி குத்தினால் ஜிப் வழுக்கி நகர்ந்துவிடும். ஆரம்பத்தில் இந்த ஐந்து நிமிடம் செலவழித்தால் பிரித்துத் தைக்கும் அரைமணி நேரம் மிச்சம்.

மெஷினில் ஜிப் ஃபுட்டை (ஜிப்பின் பற்களை ஒட்டித் தைக்க உதவும் ஒடுக்கமான ஃபுட்) மாட்டி, தையல் நீளத்தை 2.5 மி.மீ.க்கு வைத்து, ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளித் தையுங்கள். ரன்னர் வரும் இடத்தில் தையல் வளையத்தான் பார்க்கும். அதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி தொடருங்கள். மெஷின் இல்லாதவர்கள் இரட்டை நூலில் நெருக்கமாகப் பின் தையல் போடலாம், அதுவும் உறுதியாகவே நிற்கும்.

இரண்டு துணியையும் ஜிப்பிலிருந்து மறுபக்கம் மடக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ஜிப்பின் முகமும் வெளித்துணியும், மறுபக்கம் ஜிப்பின் முதுகும் லைனிங்கும் தெரிந்தால் சரி. ஜிப்பின் முகம் லைனிங் பக்கம் வந்திருந்தால் ஜிப் கவிழாமல் போய்விட்டது என்று அர்த்தம், இப்போதே பிரித்துவிடுங்கள்.

மடிப்பை இஸ்திரி போடுங்கள். பெட்டி அதிகச் சூடாக வேண்டாம், நைலான் பற்கள் உருகும். அப்புறம் மடிப்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு மேல் தையல். இதை விட்டுவிட்டால் திறந்து மூடும்போதெல்லாம் லைனிங் ரன்னரில் சிக்கும்.

ஜிப்பின் மறு ஓரத்துக்கும் இதே முறைதான். இரண்டாவது வெளித்துணியை நல்ல பக்கம் மேலே விரித்து, அதன்மேல் தைத்த பகுதியை ஜிப்பின் முகம் கீழே பார்க்கும்படி வைத்து, மேலே மீதி லைனிங்கைக் கவிழ்க்க வேண்டும்.

பையாக மூடுவது

முதலில் ஜிப்பை முக்கால்வாசி திறந்துவையுங்கள். மூடியபடியே சுற்றித் தைத்துவிட்டால் பையைத் திருப்ப வழியில்லாமல் போய்விடும். உள்ளிருந்து ரன்னரைத் துழாவித் திறப்பது பெரும் பாடு.

வெளித்துணி இரண்டும் ஒரு பக்கம், லைனிங் இரண்டும் மறுபக்கம், நல்ல பக்கங்கள் உள்ளே பார்த்தபடி பொருத்துங்கள். நடுவில் ஜிப் மடியும் இடத்தில் அதன் பற்கள் லைனிங் பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். அப்படி வைத்தால்தான் வெளியே மூலைகள் குழியாமல் வரும். லைனிங்கின் அடியில் 8 செ.மீ. இடைவெளி விட்டு, சுற்றிலும் 1 செ.மீ. தள்ளித் தையுங்கள். லைனிங்கின் பக்கவாட்டில் மட்டும் 2 மி.மீ. கூடுதலாக உள்ளே தைத்தால் அது கொஞ்சம் சிறிதாகி, பைக்குள் சுருங்காமல் உட்காரும். இடைவெளியின் இரு முனையிலும் முன்னும் பின்னும் தைத்துக் கெட்டிப்படுத்துங்கள், திருப்பும்போது இழுபடுவது அந்த இடம்தான்.

நான்கு மூலைகளையும் தையலை வெட்டிவிடாமல் சாய்வாகக் கத்தரித்து, இடைவெளி வழியாகத் துணியை வெளியே இழுத்துத் திருப்புங்கள். மூலைகளை மழுங்கிய பென்சிலால் உள்ளிருந்து தள்ளலாம். கத்தரிக்கோல் முனை துணியைக் கிழித்துவிடும். இடைவெளியின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து மூடி, லைனிங்கை உள்ளே தள்ளுங்கள்.

வேறு அளவில் தைக்க நினைத்தால் துணியில் ஜிப் வரும் ஓரத்தின் நீளத்திலிருந்து 3 செ.மீ. கழித்து ஜிப்பை வெட்டிக்கொள்ளுங்கள். முனைத் துண்டுகளின் அளவு மாற வேண்டியதில்லை.