இனி மாறாத வருத்தம் என்று சொன்ன பிறகு வீட்டில் என்ன செய்வது

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் "இனி மாத்தேலாது" என்று டொக்டர் சொன்ன கையோடு எங்கள் வீடுகளில் முதலில் நடப்பது, வருத்தக்காரருக்குத் தெரியாமல் மறைக்கிற வேலைதான். ரிப்போட்டை ஒளிப்பார்கள், விறாந்தையில் நின்று குசுகுசுப்பார்கள். ஆனால் அந்த வாட்டில் படுத்து எழும்பியவருக்கு அனேகமாக விஷயம் தெரிந்துதான் இருக்கும், மறைப்பதால் அவர் தனியாகப் பயப்படுகிறார், நீங்கள் குசினிக்குள் தனியாக அழுகிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. "அப்பா, உங்கட வருத்தத்தைப் பற்றி டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் கேட்கிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள், தெரிய வேண்டாம் என்றால் விடுங்கள். "சும்மா இருங்கோ, எல்லாம் சுகமாயிடும்" என்று மட்டும் வாயை அடைக்காதீர்கள். காணி உறுதி, கதைக்காமல் விட்ட தம்பி, கொள்ளி யார் வைப்பது என்று அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும்.

நோ இருந்தால் மனம் எதிலும் நிற்காது. மோர்பின் என்றதும் பழகிவிடும், உயிரைக் குறைக்கும் என்று பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு: ஒருமுறைதான் வர முடியும் என்றால் செத்தவீட்டுக்கு வருவதற்காகக் காத்திருக்காமல் அவர் உங்களை அடையாளம் காணும்போதே வாருங்கள்.

பராமரிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பொம்பிளைதான், மனைவியோ மகளோ. அவளிடம் "ஏதும் தேவையெண்டால் சொல்லு" என்றால் அவள் சொல்லப்போவதில்லை. "வியாழன் பின்னேரம் நான் வந்து இருக்கிறன், நீ போய்ப் படு" என்று சொல்லி, சொன்னபடி போங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அம்மம்மா நித்திரை என்று சொன்னால் பிறகு அவர்களே நித்திரைக்குப் பயப்படுவார்கள். அம்மம்மா செத்துப்போயிட்டா, இனி வரமாட்டா, அது உன்னால் நடந்ததில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று சாவுக்குப் பிறகான சடங்குகள் முடியும் வரை வீடு நிறையச் சனம். அதற்குப் பிறகுதான் உண்மையில் ஆள் தேவை, அப்போது போங்கள். போய் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள், அழுதால் அழவிடுங்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த, காணாமல் போனவரை இன்னும் தேடுகிற வீடுகளில் இந்தச் சாவோடு அந்தப் பழைய துக்கமும் சேர்ந்து எழும்பும், "அது எப்பவோ நடந்ததுதானே" என்று சொல்லவே வேண்டாம்.

கிழமைக்கணக்காகச் சாப்பாடும் நித்திரையும் இல்லாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ சாந்திகம் உளவள ஆலோசனை நிலையத்துக்கோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். "நானும் அவரோட செத்துப் போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் நாள் பார்க்காதீர்கள், தனியே விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டே 1926க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.