கேம்பர் டிரெய்லரில் வார இறுதிப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து கேம்பர் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கூடாரத்தோடு கூடிய தங்கும் வண்டி) இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல்தான். முதல் தவறும் அதுவே. ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தானே என்று தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள். வத்தலக்குண்டுக்குப் பிறகு வரும் மலைப்பாதையில் டிரெய்லருடன் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும், இறங்கும்போது இரண்டு வண்டிகளின் எடையையும் பிரேக் தாங்கியாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் கட்டாயம். முதல் சில பயணங்களுக்குத் தேனிச் சாலையில் வைகை அணைப் பக்கம் ஒரு தோப்பை உரிமையாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், சனிக்கிழமை காலைச் சாப்பாட்டை அங்கேயே சமைத்துவிடலாம்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. ஒருமுறை, எடுக்க வசதியாக இருக்கும் என்று, 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை டிரெய்லரின் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்தேன். உசிலம்பட்டியைத் தாண்டியதும் ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. அடுத்த நொடியே டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, கையிலிருந்த ஸ்டியரிங்கையும் சேர்த்து இழுத்தது. பின்பக்கம் கனத்தால், காருடன் இணைக்கும் முன்பக்கக் கொக்கியின் மேல் அழுத்தம் குறைந்து, சிறு காற்றுக்கும் டிரெய்லர் அலையும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும். 600 கிலோ டிரெய்லருக்கு 60 கிலோ. கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள். அப்படியும் ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

தங்கும் இடத்தை இருட்டிய பிறகு தேடுவதும் தவறு. வறண்டு கிடக்கும் வைகை மணலைப் பார்த்து ஆற்றுக்குள்ளேயே வண்டியை இறக்குவோர் உண்டு. வைகை அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதுமே கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தோப்பிலும் தென்னைக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. மட்டையும் காயும் விழும். மாமர நிழலே நல்லது. கேஸ் அடுப்பை மூடிய டிரெய்லருக்குள் பற்றவைக்கவே வேண்டாம்.

டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருப்பதால், ஊரிலேயே ஒரு காலி மைதானத்தில் பழகிக்கொள்வது அவசியம்.

ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் பனியில் நனைந்த கூடாரத் துணியை மடித்த நிலையிலேயே விட்டுவிட்டால், அடுத்த வாரம் திறக்கும்போது கரும்புள்ளியும் பூஞ்சை நாற்றமும்தான் இருக்கும். மறுநாள் காலை வெயில் ஏறியதும் மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்து, தையல் ஓரங்களைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதியான பிறகே மடியுங்கள்.