ஃபேனை மாற்றும் முன், ரவுட்டரை ரீசெட் செய்யும் முன்

கம்ப்யூட்டர் சூடாகிறது என்றாலும் சரி, வீட்டு நெட்வொர்க் மக்கர் செய்கிறது என்றாலும் சரி, நம்மில் பலர் முதலில் செய்வது எதையாவது மாற்றுவதுதான். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை மாற்று, ஃபேனை மாற்று, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸை மாற்று, ரவுட்டரை ரீசெட் செய். கூட இருக்கும் நண்பர்களும் நல்லெண்ணத்தில் இதையேதான் சொல்வார்கள். வெப்பத்துக்கும் ஒரு பாதை உண்டு, டேட்டா பாக்கெட்டுக்கும் ஒரு பாதை உண்டு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கை வைத்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகுதியும் கெட்டு, எது பழைய கோளாறு, எது நாமே புதிதாகச் சேர்த்தது என்று தெரியாமல் போய்விடும். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

வெறும் எண்ணைப் பார்த்துப் பயப்படுவது

"சிபியு 95 டிகிரி காட்டுகிறது, என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பல சிப்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு வரம்பு 100 டிகிரி. எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை மூன்று: அறையின் வெப்பம் எவ்வளவு, என்ன லோடு ஓடுகிறது, சிப்பின் கிளாக் வேகம் (அது வேலை செய்யும் வேகம்) இறங்குகிறதா. மே மாதத்தில் மாடி அறை 36 டிகிரியில் இருக்கும்போது, ஏசி அறையில் எடுத்த யாரோ ஒருவரின் ரிவ்யூ எண்ணோடு ஒப்பிட்டுப் பதறுவதில் அர்த்தமில்லை. சிப் இழுக்கும் மின்சாரம் மாறாத வரை, அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும்.

எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதே அதிகம் சொல்லும். இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் சாதாரண லோடும் பிறகு முழு லோடும் கொடுங்கள். சாதாரண லோடில்கூட இரண்டு மூன்று வினாடியில் 40லிருந்து 95க்குத் தாவினால், வெப்பம் சிப்பிலிருந்து கூலருக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட், கூலரின் அடித்தட்டு, ஸ்க்ரூ இவற்றில் ஏதோ கோளாறு. அதுவே 70ல் நின்று, கால் மணி நேரத்தில் மெதுவாக 88, 90 என்று ஏறினால் கூலர் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. கேபினெட்டுக்குள் சூடான காற்றுதான் தேங்குகிறது. அப்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே லோடைத் திரும்பக் கொடுங்கள். 8, 10 டிகிரி சட்டென்று குறைந்தால் சந்தேகமே வேண்டாம், காற்றோட்டம்தான். பேஸ்ட் வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கூலரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். அதில் சிப்பைச் சாக்கெட்டோடு அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை இழுக்கும்போது பூட்டிய நிலையிலேயே சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். ஐந்து பத்து நிமிடம் லோடில் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கூலரை மெதுவாக இடமும் வலமும் திருகி எடுங்கள். புதிய கூலர் பொருத்தும்போது அடித்தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரிக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

ஃபேன்களில் முக்கியமான தவறு திசை. குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் காட்டினால் உடனே தெரிந்துவிடும். ஆறு ஃபேன் போட்டு, ஆறும் வெளியே தள்ளினால் இடுக்கு வழியாகத் தூசிதான் உள்ளே வரும். முன்பக்கம் உள்ளே, பின்பக்கமும் மேலேயும் வெளியே என்பது போதும். மேலே முன்னோரத்தில் வெளியே தள்ளும் ஃபேனை வைக்காதீர்கள், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்றை அது சிப்புக்குப் போகும் முன்பே உறிஞ்சிவிடும்.

லிக்விட் கூலர் வைத்திருப்பவர்கள் பம்ப் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். திரவம் சுற்றும் லூப்பின் உள்ளே எப்படியும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மிக உயரமான இடத்தில்தான் போய்ச் சேரும். ரேடியேட்டரின் மேல் முனை பம்புக்கு மேலே இருக்க வேண்டும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் வைத்தால் காற்று முழுக்கப் பம்பில் வந்து தங்கி, களக் களக் என்று சத்தம் கேட்கும், பம்பும் சீக்கிரம் போகும். பம்பின் ஒயரை, போர்டில் ஃபேன் ஒயர் செருகும் சாதாரண ஹெட்டரில் மாட்டிவிட்டு, வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறும்படி விட்டுவிடுவதும் தவறுதான். பயோஸில் அந்த ஹெட்டரை முழு வேகத்தில் நிறுத்திவையுங்கள்.

தூசி தட்டும்போது புளோயர் காற்றில் ஃபேன் விர்ரென்று சுற்றுவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விடாதீர்கள். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

கேபிளைப் பார்க்காமல் கம்பெனியைத் திட்டுவது

இனி நெட்வொர்க். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோம், கம்ப்யூட்டரில் 94க்கு மேல் ஏறவே இல்லை என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். அந்த 94தான் துப்பு. ஜிகாபிட் இணைப்புக்கு கேபிளின் எட்டு ஒயரும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கே போதும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு ஒயர் அறுந்தாலும், முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய கிரிம்ப் சரியாகப் பிடிக்கவில்லை என்றாலும், இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கி, ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குப் போய் லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 100/100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் இரு முனையிலும் போர்ட் ஜிகாபிட்தானா என்று சரிபாருங்கள்.

அடுத்தது, ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைப்பது. இதை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். ஒன்று, கேபிளைச் சொந்த ரவுட்டரின், வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்டில் செருகிவிட்டு, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைக்காமல் விடுவது. இப்போது வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்ததே முகவரி. ஃபோனில் நெட் வரும், டிவியில் வராது, மறுநாள் தலைகீழாகும். இப்படி மாறி மாறிப் படுத்தினால் கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளை கொடுத்து, டீஃபால்ட் கேட்வேயும் (வெளியே போகும் வாசல்) டிஹெச்சிபி சர்வரும் எந்த முகவரி என்று பாருங்கள். பெட்டியை விட்டு ரவுட்டரைக் காட்டினால் விஷயம் வெளியே வந்துவிட்டது.

மற்றொன்று, வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் செருகி, இரண்டு பெட்டிகளும் 192.168.1 என்ற அதே சப்நெட்டில் (முகவரித் தொகுப்பில்) இருப்பது. சில ரவுட்டர்கள் மோதலைக் கண்டுபிடித்துத் தாங்களே மாறிக்கொள்ளும். மாறாதவற்றில், பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்கே தெரியாது. சொந்த ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றினால் தீர்ந்தது. அப்போதும் டபுள் நேட், அதாவது இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரியை மாற்றி அனுப்புவது, இருக்கும். பிரவுசிங்கிற்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, வெளியிலிருந்து வருவதை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கில்தான் இடிக்கும். வைஃபை மட்டும்தான் வேண்டும் என்றால் சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். ரவுட்டிங்கும் அதுவே செய்ய வேண்டும் என்றால் கம்பெனியிடம் கேட்டு அவர்கள் பெட்டியை, ரவுட்டிங் செய்யாமல் கடத்தி மட்டும் விடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங்கோடு மல்லுக்கட்டும் முன், ரவுட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதில் தொடங்கினாலும் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை. ஒரு பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு நேராக வர வழியே இல்லை. ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பலன் கிடைக்காது. மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் பயன்படுத்தலாம், டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் ஒன்றைப் போடலாம்.

சோதித்துப் பழக வீட்டில் லேப் (சிறு நெட்வொர்க்) வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, போகிற வழியை மட்டும் எழுதுவது. 192.168.50 பக்கம் போக 192.168.1.2 வழியாகப் போ என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் போட்டிருப்பார்கள். பாக்கெட் போய்ச் சேர்ந்தும் விடும். பதில் திரும்பி வர அந்தப் பக்கத்து மெஷினுக்கும் வழி தெரிய வேண்டாமா? அதன் கேட்வே வேறு எங்கோ காட்டினால் பதில் அங்கேதான் போகும். இரண்டு பக்கமும் ரூட் சரியாக இருந்தும், எதிர்முனை இருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வரவில்லை என்றால், எதிர்முனை விண்டோஸா என்று பாருங்கள். வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை அதன் ஃபயர்வால் வழக்கமாகத் தடுத்துவிடும்.

நெட் இல்லை என்றால் வரிசையாகப் போங்கள்: முதலில் கேட்வேக்குப் பிங், அப்புறம் கூகுளின் 8.8.8.8, அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். இரண்டாவது வரை வந்து மூன்றாவது வரவில்லை என்றால் மட்டுமே டிஎன்எஸ்ஸைத் தொடுங்கள். பாக்கெட் போகும் வழியை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட்டில் நடுவே நட்சத்திரக் குறி வந்தால் அங்கே கோளாறு என்று அர்த்தமில்லை. அந்த ரவுட்டர் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரிகள் வந்தால் பாதை நன்றாகவே இருக்கிறது.

ஊசியால் குத்தும் அந்த ரீசெட் ஓட்டையைக் கடைசி வரை தொடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. இணைப்புக்கான பிபிபிஓஇ லாகின் பெயரும் பாஸ்வேர்டும், சில இணைப்புகளில் வீலேன் எண்ணும் அழிந்துவிட்டால், ஆள் வந்து போட்டுக்கொடுக்கும் வரை வீட்டில் நெட் கிடையாது.

நண்பர்களிடம் உதவி கேட்கும்போது

மூடி கழற்றிய கேபினெட்டின் படம், அறை வெப்பம், லோடு, கிளாக் வேகம் இவற்றைக் கொடுங்கள். நெட்வொர்க்குக்கு ஒரு தாளில் கையால் வரைந்த படமே போதும்: எந்தப் பெட்டி, எந்தப் போர்ட், எந்த முகவரி. நிறையப் பேர் 192.168 முகவரிகளைக் கறுப்படித்து அனுப்புகிறார்கள். அவை ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பவை, அவற்றை மறைத்தால் உதவ வருபவருக்குத்தான் கண் கட்டிவிடும். மறைக்க வேண்டியது பொது ஐபி, பாஸ்வேர்டு, சீரியல் எண். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன ஆனது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நேரம் ஒதுக்கி யோசிப்பவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

சில சமயம் நெட்வொர்க் கோளாறே வெப்பக் கோளாறாக இருக்கும். இன்டெல் என்100 போட்ட ஃபேன் இல்லாத மினி பிசியை ரவுட்டராக்கி, டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைத்திருப்பார்கள். சிப் 6 வாட்தானே என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டியின் உடம்பே ஹீட்சிங்க், அதைத் தொட்டு ஓடக் காற்று வேண்டும். காலையில் நன்றாக ஓடும் நெட் மதியம் இரண்டு மணிக்குத் திணறி, இரவில் தானாகச் சரியாகிறது என்றால், ரூட் டேபிளைப் பார்க்கும் முன் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து ஒரு மதியம் ஓட்டிப் பாருங்கள்.